ஆபீஸில் இரண்டாவது ரவுட்டர்: வைஃபை நிறைய, இன்டர்நெட் இல்லை

டர்பனுக்குத் தெற்கே ப்ராஸ்பெக்டன் தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறேன். கணக்குப் பிரிவு என்றுதான் சேர்ந்தேன். ஆனால் கம்ப்யூட்டரைக் கண்டு பயப்படாத ஆள் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால், பிரின்டரில் காகிதம் சிக்கினாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். இந்த ரவுட்டர் வேலையும் அப்படித்தான் என் தலையில் விழுந்தது.

முன்பக்கம் ஆபீஸ், அங்கே வைஃபைக்குக் குறையில்லை. பின்பக்கம் லாரிகள் வந்து நிற்கும் லோடிங் பே. நடுவில் தகரச் சுவரும், கூரையைத் தொடும் இரும்பு ரேக்குகளும். அவற்றைத் தாண்டி சிக்னல் ஒரு கோடுகூட வராது. சரக்கை ஸ்கேன் செய்பவர்கள் கருவியைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் வரை நடந்து வந்து, கணக்கை ஏற்றிவிட்டுத் திரும்பிப் போவார்கள். லோடிங் பே சுவரில் ஏற்கெனவே ஒரு நெட்வொர்க் போர்ட் இருந்தது. ஒரு சின்ன ரவுட்டர் வாங்கி அதில் செருகினால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். செருகினேன். வைஃபை பெயர் வந்தது, கோடுகள் நிறைந்தன, கீழே பொடி எழுத்தில் 'இன்டர்நெட் இல்லை' என்றும் வந்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அது மதியச் சாப்பாடு முடிந்து ஆட்கள் திரும்பும் நேரம். ஒவ்வொருவராகக் கம்ப்யூட்டரைப் போட, ஒவ்வொருவருக்காக இன்டர்நெட் போனது. இன்வாய்ஸ் அடிக்க முடியவில்லை. வெளியே லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஐடி பார்க்கும் அண்ணன், சாட்ஸ்வர்த்துக்காரர், கிடங்கு முழுக்கத் தேடிக் கடைசியில் லோடிங் பேக்கு வந்தார். என் ரவுட்டரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, இங்கே அட்ரஸ் கொடுக்கிறது யார்? நீயா, நானா?"

இரண்டாவது ரவுட்டரில் இன்டர்நெட் வராத தொல்லைகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியில் வந்து முடிகின்றன. அதற்குப் பிறகு எங்கள் கிடங்கிலும், தெரிந்தவர்கள் சிலருடைய கடைகளிலும் இதே வேலையைச் செய்திருக்கிறேன். நான் இப்போது எந்த வரிசையில் பார்க்கிறேனோ அதே வரிசையில் எழுதுகிறேன்.

ஒரு வீடு, இரண்டு வீட்டுக்காரர்

நெட்வொர்க்கில் சேரும் எந்தக் கருவியும் முதலில் சத்தம் போட்டுக் கேட்பது ஒன்றைத்தான்: 'யாராவது எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்.' அதற்குப் பதில் சொல்லும் வேலையின் பெயர் டிஹெச்சிபி. ஆபீஸின் முதன்மை ரவுட்டரோ ஒரு சர்வரோ அதைச் செய்யும். முகவரியோடு கூடவே, வெளியே போக எந்த வாசல் (கேட்வே), இணையதளப் பெயர்களுக்கு எண் சொல்பவர் யார் (டிஎன்எஸ்) என்ற இரண்டு தகவல்களையும் கொடுத்தனுப்பும்.

கடையில் வாங்கும் ரவுட்டர் டிஹெச்சிபி திறந்த நிலையில்தான் வரும். தான்தான் வீட்டுக்காரர் என்ற நினைப்பு அதற்கு. அதன் வெளி இணைப்புக்கான வேன் போர்ட்டை (ஏறிப் போகிற வேன் அல்ல, உச்சரிப்பு அப்படி அமைந்துவிட்டது) ஆபீஸோடு இணைத்தால், ஆபீஸிடம் ஒரு முகவரி வாங்கிக்கொண்டு, தன் பின்னால் இருப்பவர்களுக்குத் தானே தனியாக முகவரி கொடுக்கும். வீட்டை வாடகைக்கு எடுத்து அறைகளை உள்வாடகைக்கு விடுபவர் மாதிரி. உரிமையாளருக்கு ஒரே ஒரு குடித்தனம்தான் தெரியும்.

அதே ரவுட்டரை உள் கருவிகளுக்கான லேன் போர்ட் வழியாக இணைத்தால், உள்வாடகைக்காரர் தெருவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற எல்லோருக்கும் சாவி கொடுக்க ஆரம்பிப்பார். அந்தச் சாவி எந்தக் கதவையும் திறக்காது. அன்று நான் செய்தது அதுதான். ஏற்கெனவே முகவரி வைத்திருந்த கம்ப்யூட்டர்களுக்கு உடனே ஒன்றும் ஆகவில்லை. புதிதாகக் கேட்டவற்றில், என் ரவுட்டரின் பதில் எவற்றுக்கு முந்திப் போய்ச் சேர்ந்ததோ அவைதான் மாட்டின. ஆபீஸ் ஒரேயடியாக விழாமல் ஒவ்வொருவராக விழுந்ததற்குக் காரணம் அது. என் ரவுட்டர் மேல் யாருக்கும், எனக்கும்கூட, உடனே சந்தேகம் வராததற்கும் அதுவே காரணம்.

மூன்றாவது ஒரு வழியும் உண்டு. டிஹெச்சிபியை அணைத்துவிட்டு ரவுட்டரை வெறும் வைஃபை கொடுக்கும் பெட்டியாக மாற்றுவது. ஆக்சஸ் பாயின்ட் மோட் என்பார்கள். அதில் பின்னால் இருக்கும் எல்லோரும் ஆபீஸுக்கே நேரடிக் குடித்தனம். எது உங்களுக்கு என்பதைப் பின்னால் பார்க்கலாம். முதலில் இன்டர்நெட் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

படி 1: கேபிளைத் தொடும் முன் கேளுங்கள்

ஐடி ஆட்களிடம் சொல்லாமல் ரவுட்டரைச் செருகாதீர்கள். நான் பட்ட அவமானம் போதும். அவர்கள் கறாராக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் போபியா என்று சொல்லப்படும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. வாடிக்கையாளர் விவரம் ஓடுகிற நெட்வொர்க்கில் யாரோ ஒருவர் '12345678' என்ற பாஸ்வேர்டோடு ஒரு வைஃபையைத் திறந்துவைத்தால், பதில் சொல்ல வேண்டியது நிறுவனம்.

கேட்க வேண்டியவை இவை. அந்தச் சுவர் போர்ட் உயிரோடு இருக்கிறதா, எந்த விலேனில் இருக்கிறது? (ஸ்விட்ச் என்பது நெட்வொர்க் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி. விலேன் என்றால் ஒரே ஸ்விட்சுக்குள் தடுப்பு போட்டுப் பிரித்த தனித்தனி நெட்வொர்க். சில போர்ட்டுகள் மேஜைத் தொலைபேசிக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருக்கும்.) முகவரி தானாகக் கிடைக்குமா, கையால் போட வேண்டுமா? ஒரு போர்ட்டில் ஒரு கருவிக்குமேல் அனுமதி உண்டா? வெளியே போக ப்ராக்ஸி (இணையப் போக்குவரத்தை நடுவில் வாங்கி அனுப்பும் சர்வர்) இருக்கிறதா? இந்த நான்குக்கும் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

இந்தியாவிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. "ஜஸ்ட் நவ் வருகிறேன்" என்று இங்கே ஒருவர் சொன்னால், இப்போதே வருகிறார் என்று அர்த்தம் இல்லை. எப்போதாவது வருவார். முதல் மாதத்தில் அந்த வார்த்தையை நம்பி ஏணி மேல் நாற்பது நிமிடம் நின்றிருக்கிறேன்.

படி 2: ரவுட்டரை ஒதுக்கிவிட்டு லேப்டாப்பைச் செருகுங்கள்

இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ரவுட்டர் அமைப்புகளுக்குள் நுழைந்து ஒரு நாளை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ரவுட்டருக்குப் போகும் அதே கேபிளை, அதே முனையை, லேப்டாப்பில் செருகுங்கள். லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் வைஃபை வழியாக இன்டர்நெட் வந்து, கேபிள் நன்றாக இருக்கிறது என்று உங்களை ஏமாற்றும்.

விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளை கொடுத்தால் முகவரி தெரியும். கட்டளை பிடிக்காதவர்கள் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியிலும் பார்க்கலாம். 192.168 என்றோ, 10 என்றோ, 172.16 முதல் 172.31 வரை ஏதாவது ஒன்றிலோ தொடங்கினால் சரியான உள் முகவரி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். 169.254 என்று தொடங்கினால் யாரும் பதில் சொல்லவில்லை, லேப்டாப் தானாகவே ஒரு முகவரியைச் சூட்டிக்கொண்டது என்று பொருள்.

லேப்டாப்பில் முகவரியும் வந்து இணையதளமும் திறந்தால், சுவர் வரை எல்லாம் சரி, கோளாறு ரவுட்டரில். முகவரி வந்தும் தளம் திறக்கவில்லை என்றால் ஆபீஸ் பக்கம் ப்ராக்ஸியோ, லாகின் பக்கமோ, தடையோ இருக்கிறது. 169.254 என்றால் கேபிள், போர்ட், விலேன், அல்லது முகவரிக் கையிருப்பு தீர்ந்துபோனது. லேப்டாப்பில் போர்ட் விளக்கே எரியவில்லை என்றால் அடுத்த படிக்குப் போங்கள்.

ஒரு சிக்கலும் உண்டு. போர்ட் செக்யூரிட்டி போட்ட ஸ்விட்சில் இந்தச் சோதனையே கோளாறை உண்டாக்கலாம். அதைப் படி 7-இல் சொல்கிறேன். முன்கூட்டியே ஐடியிடம் கேட்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

படி 3: கம்பியும் ஓட்டையும்

நெட்வொர்க் கேபிளில் எட்டுக் கம்பிகள். அவற்றில் 1, 2, 3, 6 என்ற நான்கு இருந்தாலே 100 எம்பிபிஎஸ் வேகத்தில் விளக்கு எரிந்துவிடும். ஆயிரம் எம்பிபிஎஸ்ஸுக்கு எட்டுக் கம்பிகளும் வேண்டும். ஒரு கம்பி பாதி தொட்டும் பாதி தொடாமலும் இருந்தால் விளக்கு எரியும், முகவரிகூட வரும், ஆனால் பக்கம் திறக்காது. நல்ல கேபிள் ஒன்றைக் கொண்டு மாற்றிப் பார்ப்பதைவிட விரைவான வழி இல்லை. நீளம் ஸ்விட்சிலிருந்து 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். கிடங்குகளில் இதை மறந்துவிடுகிறார்கள். ரேக் மேல் ஏறி இறங்கிச் சுற்றி வரும் கேபிள், தரையில் நடந்து அளந்த தூரத்தைவிட நிறைய நீளமாக இருக்கும்.

டர்பனில் கூடுதலாக ஒன்று: கடற்காற்று. சுவர் போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். எட்டுத் தகடுகளும் பொன்னிறமாக இருக்க வேண்டும். பச்சை படிந்திருந்தால் அந்தப் போர்ட்டை மாற்றுவதே மேல். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ப்ராஸ்பெக்டனில் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். தரைக்கு அருகில் பதித்த பழைய போர்ட்டுகளை நான் அதற்குப் பிறகு நம்புவதே இல்லை.

அடாப்டரையும் பாருங்கள். ஒரு மல்டிபிளக்கின் மேல் இன்னொன்று, அதன் மேல் இந்தியாவிலிருந்து வந்த பின்னுக்கு ஒரு மாற்றி என்று அடுக்கிவைப்பது இங்கே எல்லா ஆபீஸிலும் உண்டு. அடுக்கு தளர்ந்தால் ரவுட்டர் அடிக்கடி அணைந்து எழும். 12 வோல்ட் கேட்கும் ரவுட்டருக்கு 9 வோல்ட் அடாப்டர் பொருந்திவிடும், விளக்கும் எரியலாம், வேலைதான் ஒழுங்காக நடக்காது. அடாப்டரில் எழுதியிருப்பதையும் ரவுட்டரின் அடியில் எழுதியிருப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 4: வேன் முகவரியைப் படியுங்கள்

இப்போது ரவுட்டரை வேன் போர்ட் வழியாகச் சுவரோடு இணையுங்கள். அந்தப் போர்ட் பெரும்பாலும் மற்றவற்றிலிருந்து நிறத்தாலோ இடத்தாலோ பிரித்துக் காட்டப்பட்டிருக்கும். லேப்டாப்பை ரவுட்டரின் லேன் போர்ட்டில் செருகி, நிர்வாகப் பக்கத்தை (பிரவுசரில் ரவுட்டரின் முகவரியை அடித்தால் வருவது) திறந்து, ஸ்டேட்டஸ் பகுதியில் வேன் ஐபி என்ன என்று பாருங்கள். இந்தப் பக்கத்தைத்தான் நான் ரவுட்டரின் நாடி என்பேன்.

0.0.0.0 அல்லது வெற்றிடம் என்றால் ஆபீஸ் முகவரி தரவில்லை. லேப்டாப்புக்கு முகவரி கிடைத்த அதே கேபிளில் ரவுட்டருக்குக் கிடைக்கவில்லை என்றால், முதலில் வேன் வகையைப் பாருங்கள். வீட்டில் பயன்படுத்திய பழைய ரவுட்டரை ஆபீஸுக்குக் கொண்டுவருபவர்கள் மாட்டுவது இங்கேதான். வீட்டு ஃபைபருக்காக அதில் பிபிபிஓஇ என்ற லாகின் முறையைப் போட்டு, யூசர்நேமும் பாஸ்வேர்டும் கொடுத்துவைத்திருப்பார்கள். சிலவற்றில் விலேன் எண்ணும் இருக்கும். ஆபீஸ் சுவரில் அந்த அழைப்பை எடுக்க ஆளே இல்லை. டைனமிக் ஐபி (முகவரியைத் தானாக வாங்குவது) என்று மாற்றுங்கள், விலேன் எண்ணை நீக்குங்கள். பழைய ரவுட்டர் என்றால் ரீசெட் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி முழுதாகத் துடைத்துவிட்டுத் தொடங்குவதே நல்லது. ஆனால் அதைச் சுவர் கேபிளைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள்.

முகவரி வந்திருந்தால் அடுத்த கேள்வி: அது எந்தத் தெருவைச் சேர்ந்தது?

படி 5: இரண்டு தெருவுக்கும் ஒரே பெயர்

என் ரவுட்டரைச் சரியான ஓட்டைக்கு மாற்றிய பிறகும் இன்டர்நெட் வராததற்குக் காரணம் இதுதான். இணையத்தில் தேடியவர்களுக்கும் அதிகம் அகப்படாமல் போவது இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஆபீஸ் நெட்வொர்க் 192.168.0 என்ற வரிசையில் இருந்தது. என் ரவுட்டருக்குக் கிடைத்த வேன் முகவரி 192.168.0.143. நல்ல முகவரிதான். ஆனால் என் ரவுட்டர் தன் பின்னால் இருப்பவர்களுக்குக் கொடுத்ததும் அதே 192.168.0 வரிசை, தனக்கு 192.168.0.1 என்று வைத்துக்கொண்டிருந்தது. ஆபீஸ் கேட்வேயின் முகவரியும் 192.168.0.1. ஆக, ரவுட்டருக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே தெருப் பெயர், ஒரே கதவு எண். 'காந்தி தெரு முதல் வீட்டுக்குப் போ' என்றால் தபால்காரர் எந்தக் காந்தி தெருவுக்குப் போவார்? தகவல் பாக்கெட் வெளியே போகாமல் உள்ளேயே சுற்றியது.

புதிய ரவுட்டர்கள் சில இதைத் தாமாகவே கண்டு, லேன் முகவரியை மாற்றிக்கொள்ளும். எல்லாமே செய்யும் என்று நம்பாதீர்கள். டிபி லிங்க், டி லிங்க் ரவுட்டர்கள் பலவற்றுக்கும் தொடக்க முகவரி 192.168.0.1, வேறு பல பிராண்டுகளுக்கு 192.168.1.1. இங்கே ஐடி ஆட்கள் விரும்பி வைக்கும் மைக்ரோடிக் பெட்டிக்கு 192.168.88.1. ஆபீஸும் நீங்களும் ஒரே பிராண்ட் என்றால் மோதல் ஏறக்குறைய நிச்சயம்.

தீர்வு எளிது. லேன் அமைப்பில் ரவுட்டரின் சொந்த முகவரியை 192.168.60.1 மாதிரி யாரும் பயன்படுத்தாத ஒரு வரிசைக்கு மாற்றி, சேமித்து, ரீபூட் செய்யுங்கள். லேப்டாப் கேபிளை ஒருமுறை பிடுங்கிச் செருகினால் புதிய முகவரி வாங்கிக்கொள்ளும். நிர்வாகப் பக்கத்தை இனிப் புதிய முகவரியில்தான் திறக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டு, ரவுட்டர் செத்துவிட்டது என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. நான் அவர்களில் ஒருவன்.

படி 6: எண் போகிறது, பெயர் போகவில்லை

முகவரி சரி, தெருவும் வேறு, இன்னும் பக்கம் திறக்கவில்லை. இப்போது பிங்: ஒரு முகவரியிடம் 'இருக்கிறாயா?' என்று கேட்டு, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. முதலில் ரவுட்டரின் லேன் முகவரிக்கு, அடுத்து ஆபீஸ் கேட்வேக்கு, அடுத்து 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கு, கடைசியாக ஏதாவது ஓர் இணையதளப் பெயருக்கு. எந்த இடத்தில் பதில் நிற்கிறதோ அதற்கு முந்திய சந்தில் கோளாறு. சில ஆபீஸ்களில் பிங்கையே தடுத்துவைத்திருப்பார்கள் என்பதால், 8.8.8.8 பதில் சொல்லவில்லை என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

8.8.8.8 பதில் தந்து, பெயர் மட்டும் தோற்றால் டிஎன்எஸ். ரவுட்டரில் யாரோ கையால் ஒரு வெளி டிஎன்எஸ் போட்டிருக்கலாம், ஆபீஸ் ஃபயர்வால் அதை மறித்திருக்கலாம். 'தானாகப் பெறு' என்று விட்டுவிடுங்கள். ஆபீஸுக்குள் மட்டும் தெரிந்த பெயர்கள் (ஸ்டாக் சர்வர், பங்கிட்ட ஃபோல்டர்) ஆபீஸின் டிஎன்எஸ்ஸுக்குத்தான் தெரியும் என்பதால் எப்படியும் அதுதான் நல்லது.

லாகின் பக்கம் வைத்திருக்கும் ஆபீஸ் என்றால், ரவுட்டருக்குப் பின்னால் இருந்து ஒருவர் லாகின் செய்தாலே ரவுட்டர் மொத்தத்துக்கும் வழி திறந்துவிடும், எல்லோருடைய கணக்கும் அவர் பெயரில் ஏறும். அந்த ஒருவர் நீங்களாக இருக்க வேண்டாம்.

கடிகாரத்தையும் பாருங்கள். கரன்ட் போய் வந்த ரவுட்டர் 1970-ஆம் ஆண்டில் விழித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. பெரும்பாலும் தானே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் டிஎன்எஸ்ஸை மறைகுறியாக்கும் வசதியைத் திறந்துவைத்திருந்தால், தேதி தப்பு என்று சான்றிதழ் நிராகரிக்கப்படும். சான்றிதழ் நிராகரிக்கப்பட்டால் பெயர் கிடைக்காது. பெயர் கிடைக்காவிட்டால் நேர சர்வரைக் கண்டுபிடிக்க முடியாது. ஆலமரத்தில் ஏற ஆலமரத்து ஏணி கேட்கிற கதை. அந்த வசதியை அணையுங்கள்.

படி 7: ஸ்விட்ச் கதவைச் சாத்திவிட்டது

காலையில் வேலை செய்த போர்ட், நீங்கள் கருவியை மாற்றியதும் விளக்கே எரியாமல் போனால் போர்ட் செக்யூரிட்டியைச் சந்தேகியுங்கள். சிஸ்கோ ஸ்விட்சில் இதைப் போட்டு, வேறு எண் எதுவும் குறிப்பிடாவிட்டால், ஒரு போர்ட்டுக்கு ஒரே மேக் முகவரிதான் (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள நெட்வொர்க் அடையாள எண்). மீறினால் போர்ட்டையே அணைத்துவிடும். கேபிளைப் பிடுங்கிச் செருகினாலும், ரவுட்டரை நூறு தடவை ரீபூட் செய்தாலும் அது எழாது. ஐடி ஆள் ஸ்விட்சில் போய்த் திறந்துவிட வேண்டும்.

பலரும் கவனிக்காதது: ரவுட்டர் மோடில் ஸ்விட்சுக்குத் தெரிவது ரவுட்டரின் ஒரே மேக் முகவரி. ஆக்சஸ் பாயின்ட் மோடில் பின்னால் இருக்கும் ஒவ்வொரு போனும் ஸ்கேனரும் தெரியும். ஆகவே ரவுட்டர் மோடில் ஓடிய அதே போர்ட், ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றிய நிமிடத்தில் அணைந்துபோகலாம்.

ரவுட்டர்களில் மேக் க்ளோன் என்று ஒரு வசதி இருக்கும். அனுமதி பெற்ற லேப்டாப்பின் மேக் முகவரியை ரவுட்டர் போட்டுக்கொள்ளும். தொழில்நுட்பமாக அது வேலை செய்யும். ஐடி தெரிந்து அனுமதித்தால் செய்யுங்கள். தெரியாமல் செய்வது அடுத்தவர் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டுவதுதான், பிடிபட்டால் வேலை போகும்.

கரன்ட் போய் வந்த பிறகு

2023-இல் லோட்ஷெட்டிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது கிடங்கில் தினமும் இதே பாட்டு: "கரன்ட் வந்துவிட்டது, இன்டர்நெட் ஏன் வரவில்லை?" 2024 மார்ச் கடைசியில் மின் நிறுவனமான எஸ்காம் வெட்டை நிறுத்தியது, பத்து மாதம் நிம்மதியாக இருந்தோம், 2025 ஜனவரி 31 மறுபடி வந்தது. வெட்டு இல்லாத மாதங்களிலும் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் பழுது என்று கரன்ட் போகத்தான் செய்கிறது. ஆகவே இதை இங்கே யாரும் தவிர்க்க முடியாது.

வெட்டின் நடுவே நடக்கும் வேடிக்கையைப் பாருங்கள். ஃபைபர் பெட்டிக்கும் முதன்மை ரவுட்டருக்கும் மினி யுபிஎஸ் இருக்கும். என் லோடிங் பே ரவுட்டருக்கும் ஒன்று வாங்கி மாட்டினேன். இரண்டு முனையிலும் கரன்ட் உண்டு, வைஃபையும் தெரிகிறது, இன்டர்நெட் மட்டும் இல்லை. நடுவில் அலமாரிக்குள் இருந்த ஸ்விட்சுக்கு யாருமே யுபிஎஸ் வைக்கவில்லை. சங்கிலியில் ஒரு கண்ணி இருட்டில் இருந்தால் போதும். மினி யுபிஎஸ் வாங்கும்போது வோல்டேஜ் பொருந்துகிறதா என்று பாருங்கள்; 12 வோல்ட் ரவுட்டருக்கு 12 வோல்ட். மைக்ரோடிக் பெட்டிகள் பல 24 வோல்ட் அடாப்டரோடு வரும்.

கரன்ட் திரும்பியதும் எல்லாம் ஒரே நேரத்தில் விழிக்கும். எங்கள் ரவுட்டர் ஒரு நிமிடத்தில் தயார். ஸ்விட்சும் முதன்மை ரவுட்டரும் தாமதம். முகவரி கேட்ட நேரத்தில் கொடுக்க ஆள் இல்லை. பெரும்பாலான ரவுட்டர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும், சில மலிவான ரவுட்டர்கள் சோர்ந்து உட்கார்ந்துவிடும். அப்போது வரிசையாக எழுப்புங்கள்: ஃபைபர் பெட்டி, அதன் விளக்குகள் நிலைத்த பிறகு முதன்மை ரவுட்டர், ஸ்விட்ச், கடைசியாக உங்களுடையது.

எந்த மோட்?

சரி, ரவுட்டர் மோடிலேயே இன்டர்நெட் வந்துவிட்டது. அப்படியே விடலாமா? வெறுமனே பிரவுசிங், மெயில் என்றால் விட்டுவிடலாம். எங்களுக்கு அது ஒரு வாரம்தான் தாங்கியது. லோடிங் பேயில் லேபிள் பிரின்டர் ஒன்றை அந்த வைஃபையில் சேர்த்தார்கள். முன்பக்கத்திலிருந்து அதற்கு அச்சடிக்க முடியவில்லை. உள்வாடகைக்காரரின் அறைக்குள் யார் இருக்கிறார்கள் என்று வீட்டு உரிமையாளருக்குத் தெரியாதே. உள்ளேயிருந்து வெளியே போகலாம், வெளியேயிருந்து உள்ளே வர வழி இல்லை. ஆக, ஆபீஸும் பின்பக்கமும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும் என்றால் ஆக்சஸ் பாயின்ட் மோட்தான்.

புதிய ரவுட்டரில் ஆபரேஷன் மோட் என்ற பகுதியில் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். அந்த வசதி இல்லாத பழைய ரவுட்டர் என்றால் கையால் செய்ய வேண்டும். சுவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஆரம்பியுங்கள். ரவுட்டரின் லேன் முகவரியை ஆபீஸ் வரிசையில், ஆனால் டிஹெச்சிபி வழங்கும் எல்லைக்கு வெளியே ஒன்றாக மாற்றுங்கள். எங்கள் ஆபீஸ் 100 முதல் 199 வரை வழங்கியது. ஐடி அண்ணன் எனக்கு 192.168.0.5 கொடுத்தார். அப்புறம் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும். கடைசியாக டிஹெச்சிபியை அணையுங்கள். அணைத்ததும் உங்கள் லேப்டாப்புக்கு முகவரி கொடுக்க ஆள் இருக்காது, பதறாதீர்கள். இப்போது சுவர் கேபிளை லேன் போர்ட்டில் செருகுங்கள். வேன் போர்ட் காலியாக இருக்கட்டும். இரண்டாவது கேபிள் எதையும் சுவருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் போட்டுவிடாதீர்கள். வட்டம் உருவாகி மொத்த நெட்வொர்க்கும் திணறும். வைஃபை சேனலில் முன்பக்கம் 1 என்றால் பின்பக்கம் 6 அல்லது 11.

ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாறிய சில வாரங்களில் புதிய புகார்: காலையில் எல்லோருக்கும் இன்டர்நெட் வருகிறது, பதினொரு மணிக்கு மேல் வருபவர்களுக்கு மட்டும் 169.254. கேபிளை மாற்றினோம், ரவுட்டரை மாற்றினோம். கடைசியில் பார்த்தால், லோடிங் பே பாஸ்வேர்டு லாரி டிரைவர்களிடம் பரவியிருந்தது. வந்துபோகும் ஒவ்வொரு போனும் ஆபீஸின் நூறு முகவரிகளில் ஒன்றை வாங்கிக்கொண்டு போய்விட்டது. போன் கேட்டைத் தாண்டிப் போனாலும், குத்தகைக் காலமான 24 மணி நேரம் முடியும் வரை முகவரி அதன் பெயரில்தான். ரவுட்டர் மோடில் இருந்தவரை இந்தக் கூட்டம் என் பெட்டிக்குள்ளேயே அடங்கியிருந்தது. அண்ணன் பாஸ்வேர்டை மாற்றினார், டிரைவர்களுக்குத் தனி விலேனில் ஒரு கெஸ்ட் வைஃபை போட்டு, அங்கே குத்தகையை இரண்டு மணி நேரமாகக் குறைத்தார்.

இப்போது அந்த ரவுட்டரின் வயிற்றில் ஒரு வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறது. மார்க்கரில் நான் எழுதியது: '192.168.0.5. ஆக்சஸ் பாயின்ட். டிஹெச்சிபி இல்லை. கேபிள் லேன் 1-இல்.' அதற்குக் கீழே அண்ணன் கையெழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. ரீசெட் பொத்தானைத் தொட்டால் முதலில் எனக்குப் போன் செய் என்று அர்த்தம்.